வாழையைக் கொல்வது வறட்சியன்று

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

மணவிழாப் பந்தலானாலும் கோயில் கொடையானாலும் வாழை இல்லாத நிகழ்ச்சி நம் ஊரில் உண்டா? குலையோடு வாசலில் நின்று வரவேற்பது வாழை. பந்தியில் இலையாய் விரிந்து பசியாற்றுவதும் வாழை. "வாழையடி வாழையாக வாழ்க" என்று வாழ்த்துவதற்கும் நமக்கு வாழைதான் வேண்டும். அத்தகைய வாழை இப்போது வாசலைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாடிக் குடியிருப்பின் சன்னலோரத்திலும், அலுவலக அறையின் மூலையிலும், நம் கல்லூரித் தாழ்வாரத்திலும் தொட்டியில் நிற்கும் வாழைகளைக் காண்கிறோம்.

ஆனால் அவற்றுள் பல ஓர் ஆண்டுகூடத் தாங்குவதில்லை. முதலில் அடியிலை மஞ்சளாகிறது. பிறகு ஓரம் கருகுகிறது. குருத்து விரிய மறுக்கிறது. ஒருநாள் தொட்டால் சாய்ந்துவிடுகிறது. "தண்ணீர் போதவில்லை" என்பார் ஒருவர். "நம்மூர் வெயில் அப்படி" என்பார் மற்றொருவர். "கன்று சரியில்லை" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் பெரும்பாலும் தவறு என்பதே என் கருத்து. வீட்டுக்குள் வைத்த வாழையைக் கொல்வது வறட்சியன்று. நாம் ஊற்றும் தண்ணீரும், அது வடியாமல் நிற்கும் மண்ணுமே அதைக் கொல்கின்றன. நம் கடற்கரையில் இவற்றோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது உப்பு.

இதை நான் பாடநூலில் படித்து மட்டும் எழுதவில்லை. ஏரலுக்கு அருகே குத்தகை நிலத்தில் எங்கள் தாத்தா வாழை பயிரிட்டு வந்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகொள்ளாமல் பாய்ந்தது. எங்கள் வாழைகள் பல நாள் தண்ணீரிலேயே நின்றன. வெள்ளம் வடிந்தபோது நின்ற இடத்திலேயே அழுகிப்போயிருந்தன. தாத்தா குத்தகையை விட்டுவிட்டு, நகரில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது மேட்டில் தப்பிப் பிழைத்த கோழிக்கூடு வாழையின் கன்று ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அது போனால் அவருடைய விவசாயமும் முழுவதுமாகப் போய்விடும் என்பது யாரும் சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதனால் எல்லோரும் அதைக் கவனித்தோம். காலையில் அம்மா ஒரு செம்பு ஊற்றினார். பள்ளிக்குப் புறப்படும்போது தம்பி ஒரு செம்பு ஊற்றினான். கல்லூரியிலிருந்து திரும்பியதும் நான் ஒரு செம்பு ஊற்றினேன். தாத்தா கண் அறுவைக்காக அத்தை வீட்டுக்குச் சென்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது, கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. வாடுகிறதே என்று நாங்கள் இன்னும் அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தோம்! அவர் எதுவும் பேசாமல் தொட்டியைச் சாய்த்து, கன்றை மண்ணோடு வெளியே எடுத்து, மண்ணை மூக்கருகே கொண்டுபோனார். சாக்கடை வாடை அடித்தது. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அழகான பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் துளையே இல்லை. தாத்தா சொன்னார்: "தண்ணி விடத் தெரிஞ்சா மட்டும் போதாது பிள்ள, வடியவிடவும் தெரியணும்லா."

தாவரவியல் மாணவியாகிய நான் அன்று தலைகுனிந்தேன். அந்த ஒரு வரியின் விரிவுரையே இக்கட்டுரை எனலாம்.

வேரும் மூச்சுவிடும்

வாழையை மரம் என்கிறோம். உண்மையில் அது மரமன்று. பேருருவம் கொண்ட ஒரு பூண்டு. நாம் தண்டு என்று காண்பது இலைக்காம்புகளின் உறைகள் ஒன்றையொன்று சுற்றி அமைந்த போலித்தண்டே. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அக்கிழங்கிலிருந்து தடித்த, சதைப்பற்றுள்ள வேர்கள் கிளம்பி, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. ஆழச் சென்று நீர் தேடும் ஆணிவேர் வாழைக்கு இல்லை. எனவே வாழை நீரை விரும்பும் பயிர் என்பது உண்மை. ஆனால் நீரை விரும்புவது வேறு, நீரில் மூழ்கிக் கிடப்பது வேறு.

வேரின் ஒவ்வோர் உயிரணுவும் சுவாசிக்கிறது. அதற்கு வேண்டிய உயிர்வளி மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போது அவ்வெளிகள் நிரம்புகின்றன. நீர் வடிந்ததும் மேலிருந்து புதிய காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நீர் வடியவில்லையென்றால் காற்றுக்கு வழியில்லை. வேர் மூச்சுத் திணறி இறக்கிறது. இறந்த வேரை அழுகல் நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க முத்துக்குளிப்பைவிட நல்ல உவமை இல்லை. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை என்றாலும், அந்தக் கதைகளைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? மூச்சடக்கிக் கடலில் இறங்குபவர் எவ்வளவு திறமைசாலியானாலும், கயிற்றை அசைத்தவுடன் மேலே இழுப்பதற்குப் படகில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் அசந்துவிட்டால் முத்தும் இல்லை, ஆளும் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது வேரைக் கடலில் இறக்குவது போன்றது. தொட்டியின் அடித்துளைதான் மேலே இழுக்கும் கயிறு.

நாங்கள் ஏமாந்தது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். நீர் போதாத வாழையும் வாடும். நீர் மிகுந்த வாழையும் வாடும். வேர் அழுகியபின் மண்ணில் எவ்வளவு நீர் இருந்தும் உறிஞ்ச ஆளில்லை. இலை தாகத்தால் தொங்குகிறது. அதைக் கண்டு இரக்கப்பட்டு மேலும் ஊற்றுகிறோம். வேறுபாட்டை இலையிடம் கேட்கக்கூடாது, மண்ணிடம் கேட்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம், ஈரமாயிருந்தும் இலை வாடினால் அழுகல். தொட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஈரமண் கனக்கும். மண்ணின் மேல் சிறு கறுப்பு ஈக்கள் மொய்த்தால், அது எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது என்பதற்கு அவை சாட்சி.

வீட்டுக்குள் இருக்கும் வாழை வயல் வாழையைப் போல் குடிப்பதுமில்லை. வெயிலும் காற்றும் குறையும்போது இலையின் நீராவிப்போக்கு குறைகிறது. சன்னலிலிருந்து பத்தடி தள்ளி மூலையில் நிற்கும் கன்றுக்கு, வயல்காட்டு நினைவில் தினந்தோறும் தண்ணீர் ஊற்றுவது, பசியில்லாத பிள்ளைக்கு வாயைத் திறந்து ஊட்டுவதற்கு ஒப்பாகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று சன்னல் வழியே வீசும்போது தேவைப்படும் தண்ணீர் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரக்காற்றில் தேவைப்படும் தண்ணீர் வேறு. ஒரே செம்பு, ஒரே நேரம், ஆண்டு முழுவதும் என்பது எளிய முறைதான். ஆனால் செடியைப் பாராத முறை.

தொட்டியா, உப்பளமா?

இனி நம் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இந்தியாவின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உண்டு. அதில் பெரும்பங்கு நம் தூத்துக்குடி உப்பளங்களுடையது. அங்கே என்ன நடக்கிறது? உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகின்றன. உப்பு போவதில்லை, பாத்தியிலேயே விளைந்து நிற்கிறது.

துளையில்லாத தொட்டியிலும், துளையிருந்தும் அடித்தட்டில் நீர் தேங்கி நிற்கும் தொட்டியிலும் நடப்பது இதுவேதான். நீர் இலைவழியும் மண்வழியும் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 மில்லி கிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த மேல் எல்லையை எளிதில் தொடக்கூடியவை. லிட்டருக்கு 2000 மில்லி கிராம் உள்ள நீரை நாளுக்கு அரை லிட்டர் ஊற்றினால், நாளொன்றுக்கு ஒரு கிராம் உப்பு தொட்டிக்குள் செல்கிறது. ஓர் ஆண்டில் 365 கிராம்! ஒரு சிறு தொட்டி மண்ணில் இத்தனை உப்பைக் கொட்டிவிட்டு, வாழை தழைக்கவில்லையே என்று வருந்துவது நியாயமா?

வாழை உப்பைத் தாங்காத பயிர். மண்நீரில் உப்பு ஏற ஏற, அதை உறிஞ்சுவது வேருக்குக் கடினமாகிறது. உறிஞ்சிய உப்பு இலையின் ஓரத்தில் சேர்ந்து, முதிர்ந்த இலைகளின் விளிம்பைத் தீய்ந்த காகிதம் போல் ஆக்குகிறது. சோடியம் மிகுந்தால் களிமண் குழம்பி இறுகி, நீரும் காற்றும் புகாத பூச்சாகிவிடுகிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் மேல்மண்ணிலும் வெண்மையாகப் பூத்திருப்பதைக் கண்டால் எச்சரிக்கை கொள்ளுங்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது பழமொழி. நாம் இட்ட உப்பை வாழையும் உள்ளளவும் நினைக்கத்தான் செய்கிறது!

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் வீடுகள் பலவற்றில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி உள்ளது. அது வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கன எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் அக்கருவி நீரிலிருந்து பிரித்த உப்பு எங்கே போகிறது? அந்தக் கழிவுநீரில்தான் போகிறது. பாதி நீர் சுத்தமாகி வந்தால், மீதிப் பாதியில் உப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. அது தரை கழுவ உதவும், வாழைக்கு உதவாது. அதற்குப் பதிலாக, குளிர்சாதனக் கருவியின் குழாயிலிருந்து சொட்டி வீணாகும் நீரைப் பிடித்து வைக்கலாம். காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்த அந்த நீரில் உப்பு மிகக் குறைவு. எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். வறண்ட கரையானாலும் வடகிழக்குப் பருவமழை நம்மை முற்றிலும் கைவிடுவதில்லை. அந்த நாட்களில் தொட்டியை மாடியில் வைத்து மழையில் நனையவிட்டால், பல மாத உப்பு அடித்துளை வழியே கழுவிப் போகும். மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரை மாதம் ஒருமுறை தாராளமாக ஊற்றி, அடியில் ஓடிவரும்வரை காத்திருந்து, ஓடிவந்ததை அகற்றிவிட வேண்டும். அடிக்கடி சிறிது சிறிதாக ஊற்றுவதைவிட, மண் பார்த்து, முழுவதும் நனையுமாறு ஊற்றி வடியவிடுவதே மேல்.

எந்த மண்?

"வீட்டு முற்றத்து மண்ணைத்தானே போட்டோம்" என்பவர்களும் உண்டு. எந்த ஊர் முற்றம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் ஒரு மண்ணா இருக்கிறது? ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். அது பருத்திக்கும் உளுந்துக்கும் தாய். தொட்டிக்குள் போட்டால் நனைந்தபோது பசையாகி, காய்ந்தபோது வெடித்து வேரை அறுக்கும். குதிரைமொழிப் பக்கத்துச் செந்நிறத் தேரி மணலில் ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடும். சத்தும் கூடவே இறங்கிவிடும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் வண்டலில் ஏத்தனும் கோழிக்கூடும் சக்கையும் செழிக்கின்றன என்பதற்காக, அந்த வண்டலை மட்டும் தொட்டியில் நிரப்பினாலும் சில மாதங்களில் படிந்து இறுகிவிடும்.

வயலில் இறுகாத மண் தொட்டியில் ஏன் இறுகுகிறது? வயலில் மண்புழு உண்டு, மண்வெட்டி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வடிகால் உண்டு. தாமிரபரணி நஞ்சையில் வாழை வைப்பவர் வரிசைகளுக்கு நடுவே ஆழமாக வாய்க்கால் எடுத்து, எடுத்த மண்ணை வாழைக்கு அணைப்பார். நீர் கொண்டுவரும் வழியோடு நீரை வெளியேற்றும் வழியையும் சேர்த்தே வெட்டுவது நம் முன்னோர் கற்ற பாடம். அந்தப் பாடத்தைத் தொட்டியில் மறந்துவிடுகிறோம்.

தொட்டிக்கு வேண்டியது கலவை மண். தோட்டமண் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடித்த செங்கல் துண்டுகளும் நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு என்பது எங்களுக்குக் கைகொடுத்த அளவு. தென்னை நார்க்கழிவைப் பல தண்ணீரில் அலசாமல் சேர்க்கக் கூடாது. அதிலும் உப்பு உண்டு. பொட்டாஷ் உரத்தை அள்ளிப் போடுவதும் உப்பைக் கூட்டுவதே. சிறு கன்றைப் பெரிய அண்டாவில் வைப்பதும் பிழை. வேர் எட்டாத மண்ணில் நீர் குடிப்பாரின்றித் தேங்கும்.

தொட்டியின் அடியில் சரளைக் கல்லை நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எடுத்து நனைத்துப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுவாட்டில் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும்! உயரம் கூடினால் வடிதலும் கூடுகிறது. மண்ணும் அப்படித்தான். நுண்மண்ணிலிருந்து நீர் எளிதில் சரளைக்குள் இறங்காது. சரளைக்கு மேலேயே ஈர அடுக்காகத் தங்கும். சரளை போட்ட அளவுக்கு மண்ணின் உயரம் குறைந்து, ஈர அடுக்கு வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. துளையை மண் அடைக்காதிருக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

வாழை வீட்டுக்குள் எதற்கு?

வயல் முழுதும் வாழை விளையும் மாவட்டத்தில் தொட்டி வாழை எதற்கு என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் வைத்த வாழை குலை தள்ளுவது அரிது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டி வாழையை எளிதாக எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்காரர் கண்ணாடிக் கூடத்துக்குள் குட்டை வாழை ஒன்றை வளர்த்தார். 1835-இல் அது பூத்தது. மாளிகைக்குரிய காவெண்டிஷ் குடும்பத்தின் பெயரையே அதற்கு இட்டார்கள். இன்று உலக ஏற்றுமதிச் சந்தையை ஆள்வது காவெண்டிஷ் இனக்குழு வாழைகளே. நம் கடைகளில் ஜி-9 என்று விற்பதும் அக்குழுவைச் சேர்ந்ததே. பாக்ஸ்டன் தாராளமாகத் தண்ணீர் விட்டார் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஈடான வெளிச்சமும் வெப்பமும் வளமான மண்ணும் தந்தார். நாம் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டோம்.

நிலமில்லாதவர்களுக்கு ஒரு தொட்டி மண்ணாவது வேண்டும் என்பதே என் விடை. நாற்பது ஆண்டு வயலில் நின்றவருக்கு மாடி வீட்டில் ஒரு குருத்து விரிவதைக் காலையில் பார்ப்பது என்ன பொருள் தரும் என்பதை நான் அருகிலிருந்து காண்கிறேன்.

நம் கல்லூரித் தாழ்வாரத்துத் தொட்டிகளுக்கும் இதே நிலைதான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊற்றுகிறார்கள்; பணியாளர் அண்ணாச்சி ஊற்றுகிறார்; தண்ணீர்ப் புட்டியில் மிஞ்சியதை வகுப்புக்குப் போகிறவர்கள் ஊற்றுகிறார்கள். ஊற்றுவதற்கு ஆயிரம் கைகள். தொட்டுப் பார்க்க ஒரு விரல் இல்லை. எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மாணவரைப் பொறுப்பாக்குவோம். அவரைத் தவிர வேறு யாரும் ஊற்ற வேண்டாம். இரண்டு, கல்லூரிக் கிணற்று நீரின் உப்பளவை வேதியியல் துறை மாதம் ஒருமுறை அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். மூன்று, தாவரவியல் துறைக் கூரையிலிருந்து விழும் மழைநீருக்கு ஒரு பீப்பாய் வைப்போம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. மனம் வைத்தால் போதும்.

எங்கள் கன்றின் கதையை முடித்துவிடுகிறேன். தாத்தா கிழங்கின் அழுகலைச் சீவி எறிந்தார். இரண்டு நாள் நிழலில் உலரவைத்தார். அடியில் துளையிட்ட மண்தொட்டியில் புதிய கலவையில் ஊன்றினார். ஒருமுறை தண்ணீர் விட்டு, பிறகு நாங்கள் கெஞ்சியும் விடாமல் காத்திருந்தார். மூன்று வாரம் கழித்து, செத்தது என்று நாங்கள் நினைத்த தண்டின் நடுவிலிருந்து வெளிர்பச்சையாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. இன்று ஏழு இலைகளோடு நிற்கிறது. குலை தள்ளுமா என்று தாத்தாவும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. காலையில் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பி குடிக்கிறார்.

நண்பர்களே! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் அறிந்த மொழி. அடுத்த முறை வாழைத்தொட்டியருகே செம்போடு போகும்போது, ஒரு நொடி நின்று மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அடித்துளையைக் குனிந்து பாருங்கள். அதன் பிறகு ஊற்றலாமா, வேண்டாமா என்பதை மண்ணே சொல்லும்.